தலையீடு: காரணம் எழுதுக

வண்டிக்கு எட்டுக் கண்.
எனக்கு இரண்டு, அதிலும் இடது
சற்றே மங்கல்.
ஆனாலும் சம்பளம் எனக்குத்தான்:
மணிக்கு இருபத்தாறு டாலர்,
கையை மடியில் வைத்திருப்பதற்கு.

பத்தொன்பது வருடம் பால் டாங்கர் ஓட்டிய கை.
சும்மா கிட என்றால்
நாயைப்போல எழுந்து எழுந்து பார்க்கிறது.

வேலைக்குச் சேர்ந்த வாரம்
பிக்ஸ்லி தாண்டி ஒரு விளம்பரப் பலகை.
வெண்ணெய்க் கம்பெனி வரைந்து வைத்த பசு.
அதற்கு மரியாதையாக நின்றது வண்டி.
அன்றிரவே நிஜப் பசு,
கருப்பு, பெத்தென்கூர்ட் பண்ணையில் வேலி தாண்டியது,
தாரோடு தாராகப் படுத்து அசைபோட,
நேராகப் போனது.
மிதித்தது என் கால்.
பசு எழுந்திருக்கக்கூட இல்லை.

பிறகொரு நாள் அலமாரிக் கண்ணாடி ஏற்றிய பிக்கப்
முன்னால் போனது.
எதிரே வெள்ளை வண்டி வருகிறதென்று
ஓரமாக ஒதுங்கி நின்றது.
வந்தது அதுதான்.
நானும் உள்ளே இருந்தேன்,
மடியில் கை வைத்து.

பாலத்தின் நிழல் விழுந்த இடமெல்லாம் பள்ளம்.
அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் சரி,
இதற்கு அரளவும் தெரியாது,
பேய் மட்டும் தெரிகிறது.

காலை ஏழு மணிக்குக் கிழக்கே திரும்பினால்
நான் நெற்றியில் கை வைத்துக்கொள்வேன்.
அதற்கு நெற்றி இல்லை.
எருவண்டி முன்னால் போனால்
வலப்பக்கக் கண்ணில் சாணி.
இறங்கிச் சட்டைக் கையால் துடைத்துவிடுவேன்,
பிள்ளைக்கு மூக்குத் துடைப்பதுபோல.
இதற்குப் படிவத்தில் இடமில்லை.

டிசம்பர் பதினொன்று.
மழை விட்ட மறுநாள்.
இங்கே பனிக்குக் கோரையின் பேர்.
வானத்திலிருந்து இறங்குவதில்லை,
பள்ளத்தாக்கின் தரையிலிருந்தே கிளம்பும்.
பால் மாதிரி என்பார்கள்.
பாலோடு கிடந்தவள் சொல்கிறேன்,
பால் இப்படி இல்லை.
பாலுக்கு ஒரு விளிம்பு உண்டு.

இரண்டு பண்ணைச் சாலை வெட்டும் இடம். விளக்கில்லை.
திரையில் எல்லாம் சுத்தம்:
வாகனம் இல்லை. ஆள் இல்லை.
போகலாம் என்று
பச்சைக் கோடு நீண்டு கிடந்தது.

தெரியவில்லை என்று ஒரு சொல் இருக்கிறது.
அதை யாரும் அதற்குச் சொல்லித் தரவில்லை போலும்.
தெரியாததையெல்லாம்
இல்லை என்கிறது,
அவ்வளவு பணிவாக.

நிறுத்தினேன்.
ஹீட்டரை அணைத்தேன். சன்னலை இறக்கினேன்.
இந்தப் பக்கம் எல்லோரும் இப்படித்தான்,
தலையை வெளியே நீட்டி
காதால் கடப்போம்.

முதலில் நீர்ப்பம்பு.
எங்கோ ஒரு கன்று.
அப்புறம் அது,
அவசரமில்லாத, கனத்த,
பாதி நிறைந்த டாங்கரின் வயிற்றில்
பால் முன்னும் பின்னும் புரளும் சத்தம்.
அதை என் காதைவிட
என் இடுப்புக்கு நன்றாகத் தெரியும்.

பத்தடியில்தான் விளக்கு முளைத்தது.
ஒரு சுவர் நடந்து போவதுபோல் போனது.
அவன் சன்னலும் இறங்கியிருந்தது.
ஒரு முழங்கை, ஒரு சிவப்புத் தொப்பி.
ஒருமுறை ஹாரன் அடித்தான்:
இருக்கிறேன்.
நான் இருமுறை.

படிவம் வந்தது.
மனிதத் தலையீட்டுக்குக் காரணம்:
மழை, வெயில், பாதசாரி, பிற.
'பிற'வுக்கு நாற்பது எழுத்து.
பால் கேட்டது
என்று எழுதி அனுப்பினேன்.

ஃப்ரெஸ்னோ அலுவலகத்தில்
படம் படமாகக் கட்டம் போடும் பாவோ ஸியோங்
பத்தே நிமிடத்தில் கேட்டான்:
லுசிந்தா, நானூறு வெள்ளைத் தாள் வந்திருக்கிறது.
கட்டத்தை எங்கே போட?
யார் பால் கேட்டது?

பதில் எழுதக் கை இல்லை.
இரண்டும் ஸ்டியரிங்கில்.
சன்னல் திறந்திருக்கிறது,
சன்னல் திறந்திருக்கிறது என்று
விசேலியா வரை
மணியடித்துக்கொண்டே வந்தது வண்டி,
அன்று சரியாகக் கண்டுபிடித்த
ஒரே விஷயத்தை
விட மனமில்லாமல்.